ஒரு காதுக்குப் பாடிய குரல்

கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சந்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், நானும் என் தம்பி மகளும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எனக்கு சர்க்கரை கம்மி, அவளுக்கு ஸ்ட்ராங். கிளாஸ் வருவதற்குள் போனை என் பக்கம் நீட்டினாள். யாருடைய கல்யாண வீடியோவோ, முப்பது விநாடி. பின்னணியில் "ரோஜா மலரே ராஜகுமாரி" ஓடுகிறது.

"இந்தப் பாட்டு நல்லா இருக்குல்ல பெரியப்பா? ஜெமினி கணேசன் பாட்டுதானே?"

இல்லை என்றேன். 1962ல் வந்த 'வீரத்திருமகன்' படப் பாட்டு அது, திரையில் நடித்தவர் சி.எல். ஆனந்தன். "சரி, பாடினது யாரு?" என்றாள். பி.பி. ஸ்ரீனிவாஸ் என்றேன். புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. அவள்மேல் கோபமெல்லாம் இல்லை. பாட்டு பிடித்திருக்கிறது, தேடி எடுத்துக் கேட்கிறாள், பாடியவர் பெயர் மட்டும் கையில் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்த மனிதர் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இப்போது பூங்கா இருக்கும் இடத்தில் அன்று உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. அவளிடம் அதைச் சொன்னதும், "முழுசா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான், விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீனிவாஸ். பெயரில் பயங்கரம் இருக்கிறதே என்று அவள் சிரித்தாள். வாதத்தில் எதிராளியை நடுங்க வைத்த வைணவப் பெரியவர் வழிவந்த குடும்பப் பெயர் அது. அந்தப் பெயரோடு பிறந்தவர்தான் தமிழ் சினிமாவிலேயே மிக மென்மையான ஆண்குரலுக்குச் சொந்தக்காரர். 1930ல் காக்கிநாடாவில் பிறந்தவர். பி.காம். படித்தவர். வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார், அவர் மூலமாக ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனைப் பார்த்து, 1952ல் வந்த 'மிஸ்டர் சம்பத்' இந்திப் படத்தில் முதல் வாய்ப்பு. தமிழில் அவர் காலம் என்றால் அறுபதுகளின் முதல் பாதியைத்தான் சொல்ல வேண்டும். 1961ல் 'பாவமன்னிப்பு', 1962ல் 'சுமைதாங்கி', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'போலீஸ்காரன் மகள்', 1964ல் 'காதலிக்க நேரமில்லை', 1966ல் 'ராமு'. அந்த ஐந்தாறு வருஷத்தில் காதல் என்றாலும் காதலில் தோல்வி என்றாலும் ரேடியோவில் கேட்ட குரல்களில் அவருடையதும் ஒன்று.

"அவ்வளவு பெரிய ஆளா இருந்தா, எனக்கு ஏன் தெரியல?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மைக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மைக் வருவதற்கு முன்னால் பாடகர் என்றால் தொண்டைதான் எல்லாம். நாடக மேடையில் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார். 1931ல் பேசும் படம் வந்த பிறகும், நாடகத்திலிருந்து வந்தவர்கள்தான் முதலில் பாடினார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா இருவர் பாட்டிலும் அந்த மேடை இருக்கிறது. குரல் மேலே போகும், கூரையைத் தொடும், ஊர் முழுக்கக் கேட்கும். அதில் ஒரு கம்பீரம் உண்டு, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு பெண்ணின் காதோரமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

மைக் வந்ததும் இது தலைகீழானது. முதலில் அமெரிக்காவில் நடந்தது. 1925 வாக்கில் மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்யும் முறை அங்கே வந்தது. அதற்கு முன்பு பெரிய கூம்புக்குள் முகத்தை நீட்டிச் சத்தமாகப் பாடினால்தான் இசைத்தட்டில் ஏறும். இப்போது மெல்லப் பேசினாலும் ஏறுகிறது. பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்குக்கு மிக அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடத் தொடங்கினார்கள். இப்படிப் பாடுகிறவரை அங்கே குரூனர் என்றார்கள். தாலாட்டுபோல முனகிப் பாடுவது என்று அர்த்தம். வீட்டு ரேடியோவில் முன்பின் தெரியாத ஓர் ஆணின் குரல் இப்படி ரகசியமாக ஒலிப்பது அந்தக் காலத்தில் பலருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கிறது. பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கக் கர்தினால் ஒருவர் 1932ல் இந்தப் பாட்டு முறையைப் பகிரங்கமாகக் கண்டித்துப் பேசினார்.

மைக்குக்கு இன்னொரு குணம் உண்டு. அந்தக் காலத்து ஸ்டூடியோ மைக்குகளில் பலவற்றில், கிட்டே போகப்போகக் குரலின் அடிப்பகுதி கூடிக் கேட்கும். நெஞ்சிலிருந்து வரும் ஒலி கனமாகும். ஒருவர் நம் தோளில் சாய்ந்து பேசும்போது எப்படிக் கேட்குமோ, ஏறக்குறைய அப்படி. கீழ் ஸ்தாயியில் நன்றாக நிற்கக்கூடிய குரல் இருந்தால் இது ஒரு வரம். ஸ்ரீனிவாஸுக்கு அது இருந்தது.

தமிழில் இந்த வழியை முதலில் போட்டவர் ஏ.எம். ராஜா. 1955ல் 'மிஸ்ஸியம்மா', 1959ல் அவரே இசையமைத்த 'கல்யாணப் பரிசு'. அலட்டிக்கொள்ளாத, பட்டுபோன்ற குரல். அவருக்குப் பின்னால் அதே பாதையில் வந்து, அதற்குள் கொஞ்சம் துக்கத்தையும் சேர்த்தவர் ஸ்ரீனிவாஸ். இந்திப் பாட்டுக் கேட்பவர்களுக்கு தலத் மஹ்மூத் நினைவுக்கு வருவார். குரலில் ஒரு சின்ன நடுக்கம் வைத்துக்கொண்டு பாடியவர். அவருக்கும் இதே கதிதான், ஐம்பதுகளில் உச்சம், பிறகு வேகமான பாட்டுகளின் காலத்தில் ஓரமாகிவிட்டார்.

இதை வாயால் விளக்கினால் போதாது என்று அவளிடம் ஒரு பாட்டைத் தேடச் சொன்னேன். 'படித்தால் மட்டும் போதுமா' படத்தில் "பொன் ஒன்று கண்டேன்". சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன், பாலாஜிக்கு ஸ்ரீனிவாஸ். இரண்டு ஆண்கள் ஒரே மெட்டை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டி.எம்.எஸ். பாகவதரைப் பார்த்துப் பாட வந்தவர், மேடை வழி வந்த குரல். எழுத்து ஒவ்வொன்றும் தெறித்து விழும். அவர் பாடும்போது நாம் எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்ரீனிவாஸ் அதே வரிக்கு வரும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சொல்லின் ஓரங்களை மழித்துவிடுகிறார், வரி முடியும் இடத்தில் அழுத்தாமல் விட்டுவிடுகிறார். அவள் இரண்டு தடவை கேட்டாள். "ரெண்டாவது ஆள் பாடலை, பேசுறார்" என்றாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைய ஒலிப்பதிவைப் பற்றியும் சொன்னேன். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்து, பாடி, எல்லாம் ஒரே தடத்தில் பதிவாக வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு புல்லாங்குழல் பிசகினாலும் முதலிலிருந்து மறுபடி. இப்படிப்பட்ட இடத்தில் மெல்லிய குரலை வைத்துக்கொண்டு பதிவு செய்வது எளிதல்ல. வயலின்கள் அடங்க வேண்டும், தபலா அடங்க வேண்டும், மொத்தக் கூட்டமும் அந்த ஒருவருக்காகக் குரலைத் தாழ்த்த வேண்டும். இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அவருக்குப் போட்ட பாட்டுகளைக் கவனித்தால் பாட்டின் நடுவில் எத்தனை வெறும் இடம் விட்டிருக்கிறார்கள் என்று தெரியும். 'பாவமன்னிப்பு' படத்தில் "காலங்களில் அவள் வசந்தம்" என்று கண்ணதாசன் எழுதினார். மாதங்களில் மார்கழி, பருவங்களில் வசந்தம் என்று கண்ணன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் கீதை வாசகத்தைத் திருப்பி ஒரு பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். அவ்வளவு பெரிய வார்த்தையை உரக்கப் பாடியிருந்தால் துதியாகப் போயிருக்கும். மெல்லச் சொன்னதால் காதலாக நின்றது.

இந்தக் குரல் எதற்காக ஏற்பட்டது என்பதற்குக் கவிஞர் வாலி பலமுறை சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. வாய்ப்புத் தேடிச் சென்னையில் அலைந்து, சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டு, இனி இந்த ஊரே வேண்டாம், கிளம்பிவிடலாம் என்று அவர் முடிவெடுத்திருந்த நேரம். நண்பரான ஸ்ரீனிவாஸ் அவரைப் பார்க்க அறைக்கு வந்தார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, அப்போதுதான் பதிவாகியிருந்த 'சுமைதாங்கி' பாட்டை, "மயக்கமா கலக்கமா"வை, அங்கேயே பாடிக் காட்டினார். வாலி பயணத்தை விட்டுவிட்டார். கண்ணதாசன் எழுதிய வரி, பின்னாளில் கண்ணதாசனுக்கே போட்டியாக வளரப்போகிற ஒரு கவிஞரைச் சென்னையில் நிறுத்திவைத்தது. எல்லோரும் அந்த வரியின் பெருமையாகவே இதைச் சொல்வார்கள். நான் அந்த அறையை நினைத்துப் பார்ப்பேன். மைக் இல்லை, வாத்தியம் இல்லை. கேட்பதற்கு ஒரே ஒருவர். அந்தக் குரலின் அளவுக்குச் சரியான சபை அதுதான்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதெல்லாம் சரி, ஏன் மறந்து போனாங்கன்னு இன்னும் வரலையே" என்றாள். வந்துகொண்டிருந்தேன்.

பின்னணிப் பாடகருக்குச் சொந்த முகம் கிடையாது, இரவல் முகம்தான். ஸ்ரீனிவாஸுக்குத் தமிழில் அதிகம் கிடைத்த முகம் ஜெமினி கணேசன். காதல் மன்னன் என்று பட்டம் வாங்கியவர், கத்தியைவிடக் கண்ணால் வேலை செய்தவர், ஆகவே பொருத்தம் நன்றாக அமைந்தது. ஆனால் அந்த முகம் அவருக்கு முன்னால் ஏ.எம். ராஜாவிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் வேறொருவரிடம் போனது. 1969ல் 'சாந்தி நிலையம்' படத்தில் ஜெமினிக்கு ஒரு புதுப் பையன் பாடினார், எஸ்.பி. பாலசுப்ரமணியம். அதே வருஷம் 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், "ஆயிரம் நிலவே வா". ஒரே நடிகரின் உதட்டசைவில் மூன்று தலைமுறைப் பாடகர்கள் கைமாறியதைப் பார்க்க வேண்டுமென்றால் 'மிஸ்ஸியம்மா', 'ராமு', 'சாந்தி நிலையம்' மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். முகம் அப்படியே, கொஞ்சம் வயது கூடியிருக்கிறது. குரல்தான் மாறுகிறது. பார்க்கிறவன் முகத்தையே ஞாபகம் வைத்துக்கொள்கிறான். அதனால்தான் என் தம்பி மகளுக்கு மென்மையான பழைய பாட்டு எதைக் கேட்டாலும் ஜெமினி பாட்டு.

"அப்போ உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

ரேடியோ சொல்லிக் கொடுத்தது. 1952ல் மத்திய அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று நினைத்து, ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கினார். 1957ல் விவித்பாரதி வரும்வரை, வந்த பிறகும் பல வருஷம், தமிழ்நாட்டு வீடுகளில் சினிமாப் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். அந்த அறிவிப்பாளர்களுக்கு ஒரு மரபு இருந்தது. படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழல விடுவார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது போன்றவர்கள் 'பி.பி. ஸ்ரீனிவாஸ்' என்று உச்சரித்த அழகிலேயே அந்தப் பெயர் எங்கள் தலைமுறையின் நாக்கில் ஒட்டியது. எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி ரேடியோ, அலமாரி மேல். அம்மா அரிசி களைந்துகொண்டே பாடகர் பெயரை அறிவிப்பாளருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். பந்தயம் மாதிரி.

அந்த அறிவிப்பு நின்ற இடத்தில் பெயரும் நின்றுவிட்டது. தூர்தர்ஷனில் 'ஒலியும் ஒளியும்' வந்தபோது ஊரே முகத்தைப் பார்த்தது. பிறகு கேசட் கடைகளில் 'ஜெமினி ஹிட்ஸ்', 'சிவாஜி தத்துவப் பாடல்கள்' என்று நடிகர் பெயரில் அட்டை போட்டார்கள். இன்று முப்பது விநாடித் துண்டில் எந்தப் பெயரும் இல்லை. உதாரணத்துக்கு, 1960ல் வந்த 'பாதை தெரியுது பார்' என்றொரு படம். எம்.பி. ஸ்ரீனிவாசன் இசையில், ஜெயகாந்தன் எழுதி, ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய "தென்னங்கீற்று ஊஞ்சலிலே" அதில்தான். படத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பாட்டு மட்டும் ஒவ்வொரு ஒட்டும் உதிர்ந்து தனியாக நிற்கிறது.

அமெரிக்காவிலும் இதேதான். முப்பது, நாற்பதுகளில் கிராஸ்பியைவிடப் பெரிய பாடகர் அங்கே இல்லை. ஐம்பதுகளின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்களை எழுந்து ஆட வைத்தது. உட்கார்ந்து கேட்கும் பாட்டுக்கு வயதாகிவிட்டது. 1942ல் அவர் பாடிய "வைட் கிறிஸ்துமஸ்" ஒவ்வொரு டிசம்பரிலும் கடைகளில் ஒலிக்கிறது. மீதி நாளெல்லாம் அவரை யாரும் தேடுவதில்லை. நம் ஊரில் எழுபதுகளில் பாட்டின் இடுப்பு அசையத் தொடங்கியது, 1976ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தது, தாளமும் வாத்தியமும் முன்னால் வந்தன. அவர் பாட்டுகளை உயிராகக் கேட்டு வளர்ந்தவன் நான், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் வாத்தியங்கள் அடங்கி இடம் விட்டால்தான் நிற்கக்கூடிய ஒரு குரலுக்கு அந்தப் புது வீட்டில் அறை இல்லாமல் போயிற்று.

கன்னடத்தில் கதை வேறு. இதை இங்கே பலர் அறியமாட்டார்கள், அறிந்துகொள்ள வேண்டும். அங்கே அவர் நடிகர் ராஜ்குமாரின் குரல். பல வருஷம், படத்துக்குப் படம், ஒரே முகத்துக்கு ஒரே குரல். ராஜ்குமார் சரீரம், ஸ்ரீனிவாஸ் சாரீரம் என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. 1974ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் ராஜ்குமாரே ஒரு பாட்டைப் பாடி, அது பெரிய வெற்றி பெற்று, பிறகு தன் பாட்டுகளைத் தானே பாட ஆரம்பித்துவிட்டார். தொழில் என்று பார்த்தால் ஸ்ரீனிவாஸுக்கு அது இழப்புதான். ஆனாலும் முகமும் குரலும் அவ்வளவு நாள் கட்டுண்டு கிடந்ததால் முகத்தைக் கும்பிட்டவர்கள் குரலையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். பெங்களூரில் வயதான ஆட்டோக்காரரிடம் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மலரும். இங்கே அவர் ஜெமினிக்குப் பாடினார், முத்துராமனுக்குப் பாடினார், பாலாஜிக்கும் ஆனந்தனுக்கும் பாடினார். பங்கு போட்ட வீட்டில் பெரியவர் படம் எந்தச் சுவரிலும் மாட்டப்படாமல் போகும் அல்லவா, அப்படி ஆயிற்று.

அதன்பின் அவர் என்ன செய்தார் என்று கேட்டாள். எழுதினார் என்றேன்.

1969ல் மனிதன் நிலாவில் இறங்கியபோது 'மேன் டு மூன்' என்று ஆங்கிலத்திலேயே பாட்டு எழுதிப் பாடி, இசைத்தட்டாக்கி, ஆம்ஸ்ட்ராங்குக்கு அனுப்பிவைத்தார். நிலாவை விளித்து "நிலவே என்னிடம் நெருங்காதே" என்று 'ராமு'வில் பாடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எட்டு மொழிகளில் கவிதை எழுதினார், உருது கஜல் உட்பட. புது ராகம் ஒன்றை உருவாக்கி 'நவநீத சுமசுதா' என்று பேர் வைத்தார். பாட வாய்ப்புக் குறைந்த மனிதர் பாட்டை விடவில்லை.

டிரைவ்-இன்னில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். கார்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஜன்னலிலேயே தட்டை மாட்டிச் சாப்பிடுகிற இடம் அது. உள்ளே மேஜை நாற்காலியும் உண்டு. தலையில் குல்லா, தோளில் சால்வை, சட்டைப் பையில் வரிசையாகப் பல நிறப் பேனாக்கள். மேஜையில் நோட்டு. பக்கத்து மேஜையில் நெய் ரோஸ்ட் சாப்பிட்ட கல்லூரிப் பையன்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. நான் போய்ப் பேசவில்லை. எழுதுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். போய் ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம். இன்றுவரை உறுத்துகிறது. 2008ல் அந்த ஓட்டலை மூடினார்கள். 2010ல் அந்த இடத்தில் பூங்கா திறந்தது.

அவர் போனது 2013 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. மூன்றே நாளில் ராமமூர்த்தி போனார். மே 25ல் டி.எம்.எஸ். ஜூலை 18ல் வாலி. ஒரு காலத்துப் பாட்டைச் செய்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியேறியது மாதிரி இருந்தது அந்தக் கோடை.

"பெரியப்பா, உண்மையைச் சொல்லட்டுமா? பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா என் போன்ல கேட்டா கொஞ்சம் மெலிசா, தூக்கம் வர்ற மாதிரி இருக்கு" என்றாள் தயங்கித் தயங்கி.

தயங்க வேண்டியதில்லை, அவள் சொன்னது சரிதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. தாழ்ந்த ஆண்குரலின் அடி ஒலி நொடிக்கு நூறு, நூற்றைம்பது அதிர்வுகளில் இருக்கும். கைக்குள் அடங்கும் போனில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கர். முந்நூறு, நானூறு அதிர்வுக்குக் கீழே அதற்குத் தெம்பு கிடையாது. மேலே உள்ள ஒலிகளை வைத்து அடி ஒலியை நம் மூளையே ஊகித்துக்கொள்ளும், அதனால்தான் மெட்டு புரிகிறது, ஆள் யாரென்று தெரிகிறது. ஆனால் நெஞ்சின் சூடு வராது. உச்சத்தில் பாடுகிற குரல் இதில் தப்பித்துவிடும், சத்தமாகவே கேட்கும். ஸ்ரீனிவாஸ் கீழேதான் குடியிருந்தார். எங்கள் மரப்பெட்டி ரேடியோவில் சாப்பாட்டுத் தட்டளவு ஸ்பீக்கர், பெட்டியே அதிரும். நாங்கள் கேட்ட மனிதரும் இவள் போனில் கேட்கிற மனிதரும் ஒருவரல்ல. டிவி பாட்டுப் போட்டியிலும் இதே சங்கடம்தான். மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்தால் அரங்கம் எழுந்து கைதட்டும். வரியின் கடைசியில் குரலைத் தாழ்த்தி விட்டுவிடுவதற்கு யார் எழுந்து நிற்பார்கள்?

சோதித்துப் பார்க்கலாம் என்றேன். வாலியைச் சென்னையில் நிறுத்திய அந்த "மயக்கமா கலக்கமா"வை அவளே தேடினாள். முதலில் போனை மேஜையில் வைத்தோம். கொதிக்கும் பாய்லர் சத்தத்தில் குரல் தகரமாக ஒலித்தது. காலியாகக் கிடந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் போனை நிறுத்தினாள். சத்தம் கூடியது, கனம் கூடவில்லை. பிறகு பையில் துழாவி இயர்போனை எடுத்தாள், ஒயர் வைத்தது. ஒரு முனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"ஆளுக்கு ஒண்ணுன்னா பாதிப் பாட்டு போயிடுமே பெரியப்பா. ஒரு பக்கம் கிடார் வரும், ஒரு பக்கம் வராது."

இந்தப் பாட்டில் போகாது என்றேன். ஒரே தடத்தில் பதிவானது, இடம் வலம் என்ற பிரிவே கிடையாது. இந்தக் காதுக்கு என்ன வருகிறதோ அதுவேதான் அந்தக் காதுக்கும். ஒரு காது போதும்.

மாட்டிக்கொண்டோம். பஸ் ஆரன், பாய்லர், எண்ணெய்ச் சட்டியில் வடை விழும் சத்தம் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் அவர் வந்தார். முதல் இரண்டு சொல்லைப் போட்டுவிட்டு நிறுத்தினார். அடுத்ததற்கு மூச்சு எடுத்தார். அவள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள். அந்த மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை. முடிந்ததும் அவள் விரல் திரையில் போய் மறுபடி ஆரம்பத்தில் வைத்தது. டீ மாஸ்டர் வந்து எங்கள் கிளாஸ்களைப் பார்த்தார். இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. சூடு பண்ணித் தரட்டுமா என்று சைகையில் கேட்டார். அவள் ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.